ஆல்கஹால் எரிபொருள்: மைலேஜ் குறைவுக்கு எஞ்சினும் பொறுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார்களில் ஆல்கஹாலை எரிபொருளாகப் பயன்படுத்துவது குறித்துத் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் வெளியாகும் கடிதங்களைத் தொடர்ந்து படித்து வருகிறேன். ஆல்கஹால் வகைகளில் ஒன்றான எத்தனாலைப் பெட்ரோலில் கலந்தால் மைலேஜ் பாதியாகிவிடும் என்று ஒரு சாராரும், எத்தனாலின் ஆக்டேன் எண் (அழுத்தத்தில் தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாங்கும் திறனின் அளவு) உயர்வானது என்பதால் மைலேஜ் குறையவே குறையாது என்று மறு சாராரும் எழுதுகின்றனர். இரு தரப்பினரும் எரிபொருளைப் பற்றி மட்டுமே பேசுகின்றனர். அது எந்த எஞ்சினில் எரிகிறது என்று எவரும் கேட்கவில்லை. பெட்ரோலுக்காக வடிவமைக்கப்பட்ட எஞ்சினில் ஆல்கஹாலை ஊற்றினால் ஆல்கஹாலின் குறைகள் அனைத்தும் வந்து சேரும், நிறைகளில் பெரும்பகுதி வீணாகும். எஞ்சின் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற ஆசிரியன் என்ற முறையில், இந்த ஒரு செய்தியை வாசகர்கள் முன் சற்று விரிவாக வைக்க விரும்புகிறேன்.

முதலில் எவராலும் மறுக்க முடியாத கணக்கைப் பார்ப்போம். ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் ஏறத்தாழ 32 மெகாஜூல் வெப்ப ஆற்றல் கிடைக்கிறது. அதே அளவு எத்தனாலில் கிடைப்பது சுமார் 21 மெகாஜூல், மற்றோர் ஆல்கஹாலான மெத்தனாலில் சுமார் 16 மெகாஜூல் மட்டுமே. ஆல்கஹாலின் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இடம்பெற்றிருப்பதுதான் இதற்குக் காரணம். எத்தனாலின் எடையில் சுமார் 35 சதவீதமும், மெத்தனாலின் எடையில் சரிபாதியும் ஆக்சிஜன்தான். அந்த எடையைச் சுமந்து சென்றாலும் அதிலிருந்து வெப்பம் கிடைக்காது. ஆகவே எஞ்சினின் செயல்திறன் (எரிபொருளின் வெப்பத்தில் வேலையாக மாறும் பங்கு) மாறாமல் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 10 சதவீத எத்தனால் கலவையில் மைலேஜ் 3 முதல் 4 சதவீதமும், 20 சதவீதக் கலவையில் சுமார் 7 சதவீதமும், தூய எத்தனாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும் குறைய வேண்டும். பாதியாகக் குறைவது தூய மெத்தனாலில் மட்டுமே நிகழக்கூடியது. அமெரிக்காவில் ஈ85 என்ற பெயரில் விற்கப்படும் எரிபொருளில் எத்தனாலின் பங்கு பருவத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப 51 முதல் 83 சதவீதம் வரை மாறுகிறது. அதை நிரப்பும் கார்களின் மைலேஜ் 15 முதல் 27 சதவீதம் வரை குறையும் என்று அந்நாட்டு அரசின் எரிபொருள் சிக்கன வழிகாட்டியே தெரிவிக்கிறது. கணக்கும் நடைமுறையும் ஏறத்தாழ ஒத்துப்போவதைக் காணலாம். எனவே 20 சதவீதக் கலவையை நிரப்பியதும் மைலேஜ் கால்வாசி குறைந்துவிட்டது என்று எழுதுவோர், அடைத்துக்கொண்ட ஃபில்டர், பழுதான ஆக்சிஜன் சென்சார், காற்றுக் குறைந்த டயர் ஆகியவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

மைலேஜ் குறைவதால் எஞ்சினின் சக்தியும் அதே அளவு குறையும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இது தவறு. ஓர் எஞ்சின் தரக்கூடிய சக்தியை வரையறுப்பது, ஒவ்வொரு சுற்றிலும் அது உள்ளிழுக்கும் காற்றின் அளவே ஆகும். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். மெத்தனாலுக்கு ஏறத்தாழ 6.5 கிலோ போதும். அதாவது, சிலிண்டருக்குள் வந்த அதே காற்றைக் கொண்டு பெட்ரோலைவிட 1.6 மடங்கு எடையுள்ள எத்தனாலை எரிக்க முடியும். வெப்பத்தின் அளவைக் காற்றின் எடையால் வகுத்துப் பார்த்தால், ஒரு கிலோ காற்றுக்கு மூன்று எரிபொருள்களும் ஏறத்தாழ 3 மெகாஜூல் தருகின்றன. ஆல்கஹால்கள் ஒரு நூலிழை முன்னே நிற்கின்றன என்றுகூடச் சொல்லலாம். ஆகவே சரியான அளவில் எரிபொருளை ஊட்டினால் சக்தி குறையாது. டேங்க் விரைவில் காலியாகும், அவ்வளவுதான்.

அந்தச் "சரியான அளவு" என்பதில்தான் முதல் மாற்றம் தொடங்குகிறது. அதே காற்றுக்குத் தூய எத்தனால் பெட்ரோலைப் போல் ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகமான லிட்டர் செல்ல வேண்டும். மெத்தனால் இரண்டு மடங்குக்கும் சற்று மேல். கார்புரேட்டர் (காற்றில் எரிபொருளைக் கலந்து அனுப்பும் பழைய வகைக் கருவி) உள்ள எஞ்சினில், எரிபொருளை அளந்துவிடும் மெயின் ஜெட்டின் துளைப் பரப்பை ஏறத்தாழ 60 சதவீதம் கூட்ட வேண்டும் என்பது இதன் பொருள். விட்டத்தில் அது 25 சதவீதத்தைச் சற்றே தாண்டும். பரப்பையும் விட்டத்தையும் குழப்பிக்கொண்டு துளையிடுவதால் நேரும் தொல்லைகளை எஞ்சின் பணிமனைகளில் உள்ளோர் நன்கு அறிவர். கார்புரேட்டரில் எரிபொருளை அளக்கும் பிற அமைப்புகளான ஐடில் ஜெட், ஆக்சிலரேட்டர் பம்ப், மிதவை மட்டம் ஆகியவற்றையும் அதற்கேற்பத் திருத்தாமல் மெயின் ஜெட்டை மட்டும் பெரிதாக்கினால், வேகமாக ஓடும்போது சரியாக இருக்கும் எஞ்சின் சிக்னலில் நிற்கும்போது திணறி அணைந்துவிடும்.

எஞ்சின் கணினியின் கட்டளைப்படி எரிபொருளைப் பீச்சும் இன்ஜெக்டர் உள்ள கார்களில் நிலைமை வேறு. புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார், காற்றுக்கு எரிபொருள் போதாமல் கலவை மெலிந்திருப்பதை உணர்ந்து கணினிக்குச் சொல்கிறது. கணினி இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டிக் கொடுக்கிறது. 20 சதவீதக் கலவைக்குத் தேவைப்படும் திருத்தம் சுமார் 8 சதவீதமே என்பதால் பெரும்பாலான கணினிகள் அதைத் தம் வரம்புக்குள் சமாளித்துவிடும். ஆனால் அந்த வரம்புக்கு ஓர் எல்லை உண்டு. ஆல்கஹாலின் பங்கு மேலும் ஏறினால் திருத்தம் எல்லையைத் தொட்டு, டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கும். மேலும், முழு ஆக்சிலரேட்டரில் செல்லும்போது பல பழைய கார்களின் கணினிகள் சென்சாரை நம்பாமல், நினைவகத்தில் உள்ள பெட்ரோல் அட்டவணைப்படியே எரிபொருளை அளக்கின்றன. மெலிந்த கலவையால் பாதிப்பு வருவதானால் அது பெரும்பாலும் இத்தகைய கடும் சுமையில்தான் வரும். நகருக்குள் மெதுவாக ஓட்டுபவருக்கு அது தெரியவே தெரியாது.

இனி ஆல்கஹாலின் நிறைகளுக்கு வருகிறேன். நமது விவாதங்களில் இவை பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றன என்பதால் சற்றுக் கூடுதலான இடம் கோருகிறேன். எத்தனாலின் ஆய்வுமுறை (RON) ஆக்டேன் எண் 108க்கு அருகில் உள்ளது. சாதாரண பெட்ரோலின் எண் 90ஐ ஒட்டியது. அத்துடன், எத்தனால் ஆவியாக ஒரு கிலோவுக்குத் தேவைப்படும் வெப்பம் பெட்ரோலுக்குத் தேவைப்படுவதைப் போல் சுமார் இரண்டரை மடங்கு. அதே காற்றுக்கு 1.6 மடங்கு எடை எத்தனால் செல்வதையும் சேர்த்துப் பெருக்கினால், உள்ளே வரும் காற்றை அது குளிரவைக்கும் அளவு பெட்ரோலைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. குளிர்ந்த கலவை எளிதில் தானாகப் பற்றிக்கொள்ளாது. அப்படித் தானாகப் பற்றி எஞ்சின் தட்டும் "நாக்" அடிக்கும் அபாயம் வெகுவாகக் குறைகிறது. நாக் அச்சம் இல்லாத எஞ்சினில் அமுக்க விகிதத்தை (சிலிண்டருக்குள் வந்தது எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்பதை) உயர்த்தலாம். அமுக்க விகிதம் உயர்ந்தால் அதே வெப்பத்திலிருந்து கிடைக்கும் வேலையும் உயரும். 9க்கு 1 என்ற விகிதத்தை 12க்கு 1 ஆக உயர்த்தினால், கோட்பாட்டின்படி செயல்திறனில் 8 முதல் 9 சதவீதம் வரை முன்னேற்றம் கிடைக்க வேண்டும். உராய்வும் வெப்ப இழப்பும் அதில் ஒரு பகுதியை விழுங்கினாலும், மீதம் இருப்பது உண்மையான ஆதாயம்.

ஆயினும் ஆக்டேன் எண் என்பது ஓர் அனுமதி மட்டுமே. அனுமதியைப் பயன்படுத்திக்கொள்ளாத எஞ்சினுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. 9க்கு 1 விகிதத்தில் கட்டப்பட்டு, இக்னிஷன் டைமிங்கும் (ஸ்பார்க் பிளக் பற்றவைக்கும் தருணமும்) பெட்ரோலுக்கே பூட்டப்பட்ட எஞ்சினில் 108 ஆக்டேன் ஊற்றினாலும் மைலேஜ் ஆற்றல் கணக்கின்படியே குறையும். மைலேஜ் குறையாது என்று உறுதியளிக்கும் அன்பர்கள் கவனிக்கத் தவறும் இடம் இதுவே.

எஞ்சினை ஆல்கஹாலுக்கென்றே அமைத்தால் எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் பொறியாளர்கள் 1.9 லிட்டர் ஃபோக்ஸ்வாகன் டீசல் எஞ்சின் ஒன்றை ஸ்பார்க் பிளக்கால் பற்றவைக்கும் வகையில் மாற்றி, 19.5க்கு 1 என்ற அமுக்க விகிதத்திலேயே வைத்து, மெத்தனாலில் ஓட்டிப் பார்த்து 2002இல் முடிவுகளை வெளியிட்டனர். அதன் செயல்திறன் 40 சதவீதத்தைத் தாண்டியது. அது டீசல் எஞ்சினுக்கு இணையானது. அக்காலத்துச் சாதாரண பெட்ரோல் எஞ்சின்கள் எட்டாத உயரம். இன்னொரு சான்று சாலையிலேயே ஓடியது. 2005இல் சாப் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த 9-5 பயோபவர் கார் பெட்ரோலில் 150 குதிரைத்திறன் தந்தது. ஈ85 நிரப்பினால், டர்போ காற்றை உள்ளே தள்ளும் அழுத்தத்தைக் கணினி உயர்த்தி, இக்னிஷன் டைமிங்கையும் முன்னகர்த்தியதால், அதே எஞ்சின் 180 குதிரைத்திறன் தந்தது. எரிபொருளின் தன்மையை அறிந்து தன்னை மாற்றிக்கொள்ளும் எஞ்சினுக்கும், எதை ஊற்றினாலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் எஞ்சினுக்கும் உள்ள வேறுபாடு இதில் தெரிகிறது.

பிரேசிலின் அனுபவத்தைக் குறிப்பிடாமல் இவ்விஷயத்தைப் பேச முடியாது. 1975இல் அந்நாடு தனது ஆல்கஹால் திட்டத்தைத் தொடங்கியது; 1979இல் தூய ஆல்கஹாலில் ஓடும் ஃபியட் 147 கார் அங்கு விற்பனைக்கு வந்தது. 1980களின் நடுவில் அங்கு விற்ற புதிய கார்களில் பெரும்பான்மை ஆல்கஹால் கார்களே. அவை பெட்ரோல் காரில் ஜெட்டை மட்டும் பெரிதாக்கி விற்கப்பட்டவை அல்ல. அமுக்க விகிதம் உயர்த்தப்பட்டது. கார்புரேட்டருக்கு அரிப்பைத் தடுக்கும் நிக்கல் பூச்சு தரப்பட்டது. குளிர்ந்த நேரத்தில் கிளப்புவதற்கென்று சிறிய பெட்ரோல் டேங்க் ஒன்று தனியே வைக்கப்பட்டது. 1980களின் இறுதியில் ஆல்கஹாலுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டதும், ஒரே எரிபொருளை நம்பிய இந்தக் கார்களின் மீது மக்களுக்கு நம்பிக்கை போயிற்று. 2003இல் ஃபோக்ஸ்வாகன் கோல் காருடன் வந்த, பெட்ரோல், ஆல்கஹால் இரண்டிலும் ஓடும் இரு எரிபொருள் கார்கள் அந்த அச்சத்தைப் போக்கின. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு: பெட்ரோலிலும் நாக் அடிக்காமல் ஓட வேண்டும் என்பதால், ஆல்கஹாலுக்கு உகந்த அமுக்க விகிதம் வரை அந்த எஞ்சின்களால் போக முடியாது. இரு எரிபொருள் எஞ்சின் என்பது வசதிக்காகச் செயல்திறனை ஓரளவு விட்டுக்கொடுத்த சமரசம். அதில் அளந்த மைலேஜை வைத்து ஆல்கஹாலின் தகுதியை முடிவு செய்வது நியாயமாகாது.

அங்குள்ள ஓட்டுநர்கள் கையாளும் "70 சதவீத விதி"யைச் சில கடிதங்கள் எடுத்துக்காட்டியிருந்தன. ஆல்கஹாலின் விலை பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஆல்கஹால் நிரப்புவது லாபம் என்பதே அவ்விதி. இதை வேறு இடங்களுக்கு அப்படியே பொருத்தக் கூடாது. அங்கு பம்ப்பில் கிடைக்கும் ஆல்கஹால் தூய எத்தனால் அல்ல; அதில் ஏறத்தாழ 5 சதவீதம் நீர் உள்ளது. ஒப்பிடப்படும் பெட்ரோலும் தூய பெட்ரோல் அல்ல. 2015 முதல் பல ஆண்டுகள் அதில் 27 சதவீத எத்தனால் கலந்திருந்தது. நீர் கலந்த எத்தனாலில் லிட்டருக்குச் சுமார் 20 மெகாஜூல், அந்தக் கலவைப் பெட்ரோலில் சுமார் 29 மெகாஜூல். வகுத்தால் 69 சதவீதம் வருகிறது. விதி அந்தக் கலவைக்குச் சரி. எத்தனால் கலக்காத பெட்ரோலுடன் ஒப்பிடும்போது வரம்பு மேலும் கீழே இறங்கிவிடும்.

குளிரில் கிளப்பும் சிக்கல், காற்றைக் குளிரவைக்கும் அதே குணத்தின் மறுபக்கம். பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் சேர்மங்களும் தாமதமாக ஆவியாகும் சேர்மங்களும் கலந்துள்ளன. எத்தனால் ஒரே பொருள், 78 டிகிரி செல்சியஸில் கொதிப்பது. வெப்பநிலை 13 டிகிரிக்கு அருகில் இறங்கினாலே பற்றிக்கொள்ளும் அளவுக்கு அதிலிருந்து ஆவி எழுவதில்லை. 15 சதவீதமேனும் பெட்ரோல் சேர்ப்பதும், இன்ஜெக்டருக்கு முன்பே எரிபொருளைச் சூடாக்குவதும் இதற்கான தீர்வுகள். இரண்டாவது முறை 2009இல் பிரேசிலில் விற்பனைக்கு வந்த பிறகு சிறிய பெட்ரோல் டேங்க் படிப்படியாக வழக்கொழிந்து வருகிறது.

உலோகம், ரப்பர் ஆகியவற்றின் மீதான பாதிப்பைப் பற்றிப் பல வாசகர்கள் அச்சம் தெரிவித்திருந்தனர். அச்சத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் எல்லாக் கார்களுக்கும் ஒரே அளவில் இல்லை. ஆல்கஹால் நீரை ஈர்ப்பது. மின்சாரத்தைப் பெட்ரோலைவிட நன்கு கடத்துவது. இவ்விரண்டும் சேர்ந்து அலுமினியம், துத்தநாகம், மக்னீசியம், ஈயம் பூசிய எஃகு டேங்க் ஆகியவற்றை அரிக்கின்றன. இயற்கை ரப்பரும், தக்கைக் கேஸ்கட்டும், சில வகைப் பிளாஸ்டிக்குகளும் ஊதிப் பெருக்கின்றன அல்லது வறண்டு வெடிக்கின்றன. ஃபுளோரின் கலந்த செயற்கை ரப்பர், துருப்பிடிக்காத எஃகு, நிக்கல் பூச்சு ஆகியவை தாங்கும். பழைய காரில் முதன்முறையாக ஆல்கஹால் கலவை நிரப்பும்போது, டேங்க்கிலும் குழாயிலும் ஆண்டுக்கணக்கில் படிந்த கசடை அது கரைத்துக் கொண்டுவந்து ஃபில்டரில் சேர்க்கும். சில நாள்களில் வண்டி நின்றுபோவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஃபில்டரை மாற்றினால் தீரக்கூடிய இச்சிக்கலை எஞ்சின் கெட்டுவிட்டதாகக் கருதி மெக்கானிக்கிடம் பெருஞ்செலவு செய்வோர் உண்டு.

நீரைப் பற்றி ஒரு வார்த்தை. 10 சதவீதக் கலவை சாதாரண வெப்பநிலையில் ஏறத்தாழ அரை சதவீத நீரைத் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும். அதற்கு மேல் நீர் சேர்ந்தால் ஆல்கஹாலும் நீரும் ஒன்றுசேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கும். எரிபொருள் பம்ப் முதலில் உறிஞ்சுவது அந்த அடிப்பகுதியைத்தான். அன்றாடம் ஓடும் கார்களில் இது அரிது. மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் வண்டிகளுக்கு இது பொருட்படுத்த வேண்டிய அபாயம்.

மெத்தனாலையும் எத்தனாலையும் ஒரே மூச்சில் "ஆல்கஹால்" என்று பேசுவதைத் தவிர்க்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். மெத்தனால் உலோகங்களை மேலும் கடுமையாக அரிப்பது. சிறிதளவு உட்கொண்டாலே பார்வையைப் பறிக்கக்கூடிய நஞ்சு. பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் ஏறக்குறையக் கண்ணுக்குத் தெரியாது. அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் கார் பந்தயத்தில் 1964இல் இருவரைப் பலிகொண்ட பெட்ரோல் தீ விபத்துக்குப் பிறகு மெத்தனாலுக்கு மாறினார்கள். அதன் தீயைத் தண்ணீரால் அணைக்க முடியும் என்பது முக்கியமான காரணம். ஆனால் 1981இல் அதே மைதானத்தில் பந்தய ஓட்டுநர் ரிக் மியர்ஸின் காரில் பற்றிய மெத்தனால் தீ சுற்றியிருந்தோர் கண்ணுக்குத் தெரியாமலே அவரையும் பணியாளர்களையும் சுட்டது. இத்தகைய எரிபொருளை வீட்டில் வாங்கி வைத்துத் தாமாகக் கலந்து பார்க்குமாறு சிலர் பரிந்துரைப்பது பொறுப்பற்ற செயல்.

எனது வேண்டுகோள் அரசுக்கும், கார் உற்பத்தியாளர்களுக்கும், தங்களைப் போன்ற நாளிதழ்களுக்கும் உரியது. எரிபொருள் பம்ப்பில் ஆல்கஹாலின் சதவீதத்தை வாடிக்கையாளர் கண்ணில் படும்படி எழுத வேண்டும். காரின் டேங்க் மூடியில் அந்தக் கார் தாங்கும் உச்ச சதவீதத்தைப் பொறிக்க வேண்டும். தாங்கும் என்பதும் பொருந்தி அமையும் என்பதும் வேறு வேறு: குழாயும் ரப்பரும் அரிக்காது என்பது முதலாவது, அமுக்க விகிதமும் டைமிங்கும் அந்த எரிபொருளுக்காகவே அமைக்கப்பட்டுள்ளன என்பது இரண்டாவது. விளம்பரங்கள் முதலாவதைச் சொல்லி இரண்டாவதைப் போல் தோன்றச் செய்கின்றன. ஒரு காரின் மைலேஜை வெளியிடும்போது, எந்தக் கலவையில் அளந்தது என்பதையும், அனுமதிக்கப்பட்ட உச்சக் கலவையில் அது எவ்வளவு என்பதையும் சேர்த்தே வெளியிடுமாறு சட்டம் வற்புறுத்த வேண்டும். புகையைப் பற்றிய சோதனையிலும் கார்பன் மோனாக்சைடை மட்டும் பார்த்துத் திருப்தியடையாமல், ஆல்கஹால் எரியும்போது கூடுதலாக வெளிவரும் அசிட்டால்டிஹைடு, ஃபார்மால்டிஹைடு ஆகிய நச்சுச் சேர்மங்களையும் அளக்க வேண்டும்.

வாசகர்களும் மைலேஜ் குறித்துத் தங்களுக்கு எழுதும்போது, காரின் வயது, கார்புரேட்டரா இன்ஜெக்டரா, கலவையின் சதவீதம், டேங்க்கை முழுதாக நிரப்பி மீண்டும் முழுதாக நிரப்பி அளந்ததா என்பவற்றைக் குறிப்பிடுமாறு தாங்கள் கேட்டுக்கொள்ளலாம். டாஷ்போர்டில் தெரியும் மைலேஜ் எண்ணை இதற்கு நம்ப வேண்டாம். பல கார்களில் அது இன்ஜெக்டர் திறந்திருந்த நேரத்திலிருந்து கணக்கிடப்படும் மதிப்பீடே தவிர, டேங்க்கிலிருந்து உண்மையில் வெளியேறிய லிட்டர் அல்ல.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
ஓய்வு பெற்ற இயந்திரவியல் ஆசிரியர்